குறைவாக ஓடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் வாங்குவோருக்கு

சில ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டு ஷெட்டில் உறை போர்த்தி நின்ற இரண்டு இருக்கை ஜெர்மன் கார் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். காருக்கு வயது 14. மீட்டர் காட்டியது 14,200 கிலோமீட்டர். விற்பவர் உறையை உருவியதும் பெயின்ட் கண்ணாடிபோல் மின்னியது. நான் குனிந்து டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைப் படித்தேன்: 1908. அதாவது 2008-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரத்தில் செய்த டயர். காருடன் வந்த அதே டயர். “ஒரிஜினல் டயர் சார், மாத்தவே இல்லை” என்று அவர் பெருமையாகச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. எனக்குக் கவலை தந்ததும் அந்த உண்மைதான்.

பதினான்கு ஆண்டில் பதினான்காயிரம் கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. அப்படி ஓடிய கார் பெரும்பாலான நாட்களில் ஓடவே இல்லை. ஓடிய நாட்களிலும் என்ஜின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் வீட்டுக்குத் திரும்பியிருக்கும். மீட்டர், கார் எவ்வளவு தூரம் போனது என்பதை மட்டுமே சொல்லும்; எப்படி நின்றது என்பதைச் சொல்லாது. உப்புக்காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் சேர்ந்த நம் கரையோரத்தில், ஓடியதால் தேய்வதைவிட நின்றதால் கெடுவதே அதிகம். ஆகவே, குறைந்த கிலோமீட்டருக்காக விற்பவர் கேட்கும் கூடுதல் விலையிலிருந்து, அந்தக் கார் நின்ற காலத்துக்கான செலவைக் கழித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்லப்போவது. அந்தக் கழித்தலை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எந்தக் கார்கள் கிடைக்கும்

ஏறத்தாழ பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குள், கார் என்ற அளவில் பழையதாகிவிட்டாலும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., மின்னணு எரிபொருள் அமைப்பு எல்லாம் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களை நவீன கிளாசிக் என்கிறார்கள். ஐம்பது ஆண்டைக் கடந்த விண்டேஜ் வாகனங்களுக்கான தனிப் பதிவு விதிகள் இவற்றுக்குப் பொருந்தா. சட்டத்தின் கண்ணில் இவை வெறும் பழைய கார்கள். வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படவும் வழியில்லை. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்வதானால் அது மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே, முன்பே முறையாக இங்கே வந்து பதிவான கார்களுக்குள்தான் தேட வேண்டும். போர்ஷே பாக்ஸ்டர், கேமன், 911, பி.எம்.டபிள்யூ. இசட்4, மெர்சிடீஸ் எஸ்.எல்.கே.; ஆடி டி.டி.; சிறிது காலம் இங்கே விற்ற நிசான் 370இசட் ஆகியவையே பெரும்பாலும் கண்ணில் படும். கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற சிறிய திறந்த காரும் அரிதாக விற்பனைக்கு வரும். அதன் வேகம் பெயரளவுக்குத்தான் என்றாலும், நம் நாட்டில் செய்த இரண்டு இருக்கைக் கார் என்ற பிரியம் எனக்கு அதன்மேல் உண்டு.

ஒவ்வொன்றுக்கும் ஊரறிந்த பலவீனம் ஒன்று இருக்கிறது. பாக்ஸ்டர், கேமன், 911 ஆகியவற்றில் 2008 வரை வந்த எம்96, எம்97 வகை என்ஜின்களில், ஐ.எம்.எஸ். என்று சொல்லும் இடைத் தண்டின் பேரிங் உடைந்தால் என்ஜினே போய்விடும். அந்த பேரிங் அடைப்புள்ள வகை. ஆண்டுகள் ஆக ஆக அதன் சீல் தளர்ந்து, உள்ளிருக்கும் கிரீஸ் கழுவப்பட்டுப் போகிறது. மாதக்கணக்கில் நின்று, அவ்வப்போது சிறு தூரம் மட்டும் ஓடிய கார்களில் இந்த ஆபத்து கூடுதல் என்பது இந்த என்ஜின்களைப் பிரித்துப் பழகியவர்கள் பலரின் கருத்து. குறைந்த கிலோமீட்டர் என்ற தகுதியே இங்கே குறையாக மாறுவதைக் கவனியுங்கள். தொடக்க கால என்ஜின்களில் கிளட்ச் மாற்றும்போதே அந்த பேரிங்கையும் மாற்றிவிடலாம். 2006-ஐ ஒட்டி வந்த பெரிய பேரிங்கை என்ஜினைப் பிளக்காமல் எடுக்க முடியாது. 2009 மாடலில் வந்த புதிய என்ஜினில் இந்த இடைத் தண்டே இல்லை. எஸ்.எல்.கே.யில் வந்த எம்272 என்ற வி6 என்ஜினில், 2006 வரையிலான தயாரிப்புகளில், அதிர்வைக் குறைக்கச் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பல் சக்கரம் தேயும். அதைச் சரிசெய்ய என்ஜினை இறக்க வேண்டும். டி.டி.யின் தொடக்க கால 2.0 டர்போ என்ஜினில், உயர் அழுத்த எரிபொருள் பம்புக்கும், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் இடையில் இருக்கும் சிறு கிண்ணம் போன்ற உறுப்பு தேய்ந்து ஓட்டை விழும். கழற்றிப் பார்ப்பது சிறு வேலை, பார்க்காமல் விட்டால் பெருஞ்செலவு. இசட்4 35ஐ-யின் என்54 என்ஜினில் அதே உயர் அழுத்த பம்பும், 370இசட்டில் கிளட்ச்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரும் பழுதுக்குப் பேர்போனவை. நீங்கள் பார்க்கும் காரில் இந்த வேலை முடிந்துவிட்டதா, யார் செய்தார், பில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

மீட்டரை எப்படிச் சோதிப்பது

மீட்டரைக் குறைத்து வைப்பது ஒரு மடிக்கணினியும் அரை மணி நேரமும் போதுமான வேலை. அதைக் கண்டுபிடிக்கக் காரே பல இடங்களில் சாட்சி வைத்திருக்கிறது. பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமின்றி வேறு சில மின்னணுப் பெட்டிகளிலும் சாவியிலும்கூடப் பதிவாகும். மீட்டரைத் திருத்துபவர் எல்லா இடத்தையும் திருத்துவது அரிது. அந்தந்த நிறுவனத்துக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போனால், இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போர்ஷே காரில் இதைவிட நல்ல ஒரு வழி இருக்கிறது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, என்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும், அனுமதித்த சுழற்சிக்கு மேல் எத்தனை முறை போனது என்பதையும் எழுதி வைத்துக்கொள்கிறது. மீட்டர் கிலோமீட்டரை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 14,200 கிலோமீட்டருக்கு 610 மணி நேரம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 23 கிலோமீட்டர் சொச்சம். நேரு வீதி நெரிசலையும் நூறடிச் சாலை சிக்னலையும் நினைத்தால் நம்பத் தகுந்த கணக்குதான். அதே கிலோமீட்டருக்கு 1,900 மணி நேரம் என்றால் சராசரி ஏழரை கிலோமீட்டர். ஆள் ஓடினாலே அதைவிட வேகம். அப்போது இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: மீட்டர் திருத்தப்பட்டிருக்கும், அல்லது பேட்டரி இறங்கக் கூடாது என்று ஞாயிறுதோறும் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து விட்டிருப்பார்கள். பின்னது நேர்மையானது, ஆனால் என்ஜினுக்கு அதுவும் நல்லதல்ல. சூடேறாத என்ஜினில் ஈரமும் பெட்ரோலும் எண்ணெயோடு கலந்து, எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற பசையாகப் படியும். மூடியைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள்.

கருவி இல்லாமலும் பார்க்க நிறைய இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி இறங்கும்போது தொடை உரசும் ஓரம், பெடல் ரப்பரின் வரிகள், ஸ்டீயரிங் தோலின் பளபளப்பு, பிரேக் தட்டின் விளிம்பில் விரல் நகம் தட்டுப்படும் வரம்பு ஆகியவை பொய் சொல்வதில்லை. பிரேக் தட்டின் குறைந்தபட்சத் தடிமன் அதன்மேலேயே பொறித்திருக்கும். வெர்னியர் அளவுகோலால் அளந்து ஒப்பிடலாம். கண்ணாடிகளிலும் சீட் பெல்ட்டின் அடி லேபிளிலும் தயாரிப்பு ஆண்டுக்கான குறி இருக்கும். ஒரே ஒரு கண்ணாடி மட்டும் வேறு ஆண்டு காட்டினால் ஏன் மாறியது என்று கேளுங்கள். சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள கிலோமீட்டரை ஒரு தாளில் எழுதுங்கள். எங்காவது எண் பின்னோக்கிப் போனால் அங்கேயே எழுந்துவிடலாம். எண் சரியாக ஏறி, நடுவில் நான்கைந்து ஆண்டு பில்லே இல்லை என்றால், அது பொய்யல்ல. ஆனால் அந்த இடைவெளிதான் நீங்கள் விலை பேச வேண்டிய இடம்.

நின்ற காலத்துக்கான கணக்கு

முத்தியால்பேட்டைக் காரை விற்பவரின் அனுமதியோடு லிஃப்ட் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு போனோம். மேலே தூக்கியதும் மெக்கானிக் பேசாமல் டார்ச்சை எடுத்து, முன் சக்கரத்தின் சஸ்பென்ஷன் கையில் உள்ள ரப்பர் புஷ்ஷை ஸ்குரூ டிரைவரால் லேசாக நெம்பினார். புஷ் வறண்ட களிமண்போல் விண்டு வெடிப்பு காட்டியது. “வண்டி ஓடல தம்பி, ஆனா ரப்பருக்கு வயசு நிக்கல” என்றார். பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் பிஸ்டன் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது, ஏ.சி. கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் கீழ்ப்பாதியில் தொட்டாலே பொடிப்பொடியாக உதிர்ந்தன. காற்று வடிகட்டியைத் திறந்தபோது துணிப் பிசிறும் புளியங்கொட்டையுமாக ஓர் எலிக் கூடு இருந்தது. பெயின்டில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அன்று தாளில் எழுதிய வரிசையே இன்றுவரை என் பட்டியல். நான்கு டயரும் போக வேண்டும். டயரின் பட்டன், அதாவது வரிப்பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரை மாற்றிவிடும்படி டயர் நிறுவனங்களே சொல்கின்றன. போர்ஷேக்கு உரிய குறியிட்ட டயர் வேண்டுமானால் அந்த அளவு கையிருப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. கூலன்ட், கியர்பாக்ஸ் எண்ணெய், பெல்ட்டுகள், தண்ணீர் ஹோஸ்கள், பேட்டரி எல்லாம் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டைப் பார்த்து மாற்ற வேண்டியவை. டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் அதற்கு நிறுவனம் சொல்லும் ஆண்டு வரம்பைப் பார்க்காமல் ஓட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

எரிபொருள் தொட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இப்போது நாம் நிரப்பும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதித் தொட்டியோடு மாதக்கணக்கில் நின்ற காரில் நீர் பிரிந்து அடியில் தங்கி, பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும். இந்த வயதுக் கார்கள் அவ்வளவு எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவையும் அல்ல. ஆகவே கடைசியாக எப்போது பெட்ரோல் போட்டார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் தொட்டியைக் காலி செய்வது, ஃபில்டர் மாற்றுவது, எரிபொருள் ஹோஸ்களை மாற்றுவது மூன்றையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

திறந்து மூடும் கூரை உள்ள காராக இருந்தால் அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். துணிக் கூரையின் அடியில், பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மழைநீர் வடிய சிறு துளைகள் உண்டு. மரத்தடியில் நின்ற காரில் வேப்பிலை, முருங்கை இலைச் சருகுகள் அதில் போய் அடைத்துக்கொள்ள, நீர் வழிந்து உள்ளே இறங்கி மிதியடிக்கு அடியில் தேங்கும். பழைய பாக்ஸ்டரில் சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. ஒரு குவளைத் தண்ணீரைத் துளைக்கருகில் மெதுவாக ஊற்றி, அது சக்கரத்துக்கு முன்னால் தரையில் வருகிறதா என்று பாருங்கள். எஸ்.எல்.கே., இசட்4 போன்றவற்றில் உள்ள மடிப்பு உலோகக் கூரையை மூன்று முறை முழுவதும் திறந்து மூடச் செய்து, ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று டிக்கிக்குள் பாருங்கள். முதல்முறை ஒழுங்காகத் திறந்து மூன்றாவது முறை முனகும் கூரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டியல் தயாரானதும், சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாகக் கவுன்டரில் விலை எழுதி வாங்குங்கள். குத்துமதிப்பாகப் பேசினால் விற்பவர் தோளைக் குலுக்கிவிடுவார்; அச்சடித்த மதிப்பீட்டுத் தாளை மேசைமேல் வைத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். மேலே சொன்ன கார்களுக்குப் பெரும்பாலும் சென்னைக்குத்தான் போக வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஓட்டிப் போக முடியாத நிலை வந்தால் ஏற்றிச் செல்லும் தட்டை வண்டிக்கான வாடகையையும் ஒருமுறைக்காவது கணக்கில் வையுங்கள்.

வெள்ளம் பார்த்த காரா

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டமும் சென்னையும் நீரில் மிதந்தன. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. நீங்கள் பார்க்கும் கார் இந்த மூன்று சமயங்களிலும் எந்த ஊரில், எந்தத் தளத்தில் நின்றது என்று நேரடியாகக் கேளுங்கள். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் வயிறு வைத்திருக்கும் இந்தக் கார்களுக்கு முழங்கால் அளவு நீரே வெள்ளம்தான்.

பதிலை நம்புவதோடு நிறுத்தாமல் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் உருவுங்கள். வழக்கமாக வெளியே வராத கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். தரை விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சை அழுத்துங்கள். மின் இணைப்பான்களைக் கழற்றி, செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் வாங்கிப் பாருங்கள்: க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குத் தரும் நோ க்ளெய்ம் போனஸ் 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டும். ஏறிக்கொண்டே போன அந்த எண், புயலுக்கு அடுத்த ஆண்டில் திடீரென்று சுழியானால், விற்பவர் சொல்ல மறந்த கதை அதில் இருக்கிறது.

பெயின்ட் தடிமன் அளக்கும் சிறு கருவி ஒன்றையும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் அடித்த பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 300-ஐத் தாண்டினால் அங்கே டிங்கரிங் நடந்து பட்டி பூசியிருக்கிறார்கள். சில கார்களின் பானெட் அலுமினியம் என்பதால், இரும்பல்லாத உலோகத்திலும் அளக்கும் வகைக் கருவியாக இருக்க வேண்டும்.

பி.ஒய். எண்ணும் காகிதங்களும்

சாலை வரி குறைவு என்பதால் வெளி மாநிலத்தவர் பலர் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. 2017-இல் கேரளத்தில் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சையே எழுந்தது. அதன் விளைவு, பி.ஒய்.01 என்ற புதுச்சேரி எண்ணோடு விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார் உண்மையில் இந்த ஊரிலேயே ஓடியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஆர்.சி.யில் இருக்கும் முகவரிக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். நான் அப்படிப் போன ஒரு வீட்டில் பதினைந்து ஆண்டாகக் குடியிருந்த பெரியவர், “அந்தப் பேருல யாரும் இங்க இருந்ததே இல்லீங்களே” என்று சொல்லி, கார் விஷயமாக வந்து கேட்ட மூன்றாவது ஆள் நான் என்றும் சொன்னார். காரின் நிறமும் சத்தமும் எவ்வளவு பிடித்திருந்தாலும், பதிவு செய்தபோது காட்டிய முகவரியே பொய் என்றால் அந்தச் சிக்கல் காரோடு சேர்ந்து உங்கள் பெயருக்கு வரும். நான் வாங்கவில்லை.

அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா, பதிவு எந்தத் தேதி வரை செல்லும், அபராதம் நிலுவையில் உள்ளதா என்பவற்றைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கடன் பதிவு இருந்தால், வங்கியின் கடிதமும் படிவம் 35-உம் கையில் வராமல் பணம் கொடுக்கக் கூடாது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; பிறகு ஐந்தைந்து ஆண்டுக்கு நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி அந்த நீட்டிப்புக்குச் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய் என்றால் இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். இருபது ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் அதுவும் உயர்த்தப்பட்டிருக்கிறது. 14 வயதுக் காரை வாங்குபவர் அடுத்த ஆண்டே இந்தத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் இதுவும் விலையில் கழிய வேண்டியதே. இறக்குமதிக் காராக இருந்தால் சுங்கத்தில் தீர்வை கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள். வெளிநாட்டவர் அதிகம் வந்து போகும் ஊர் இது. தற்காலிகமாகக் கார்னே என்ற ஆவணத்தின்பேரில் கொண்டு வந்த வண்டிகளை இங்கே விற்க முடியாது, அவை திரும்பிப் போக வேண்டியவை. இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் கும்பிட்டு விட்டுவிடுங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு சொல். மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி முள்ளோடையைத் தாண்டினால் அடுத்த ஆட்சிப் பகுதி. நமக்கு அது தினமும் வேலைக்குப் போகும் வழி, சட்டத்துக்கு அது எல்லை. பி.ஒய். எண் உள்ள காரைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதற்குப் புதுச்சேரி போக்குவரத்து அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வேண்டும்; சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரின்ட்டும் அதோடு கேட்பார்கள். துருவேறி எண் தெளிவாகப் பிரின்ட் ஆகாத கார்களை வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் உண்டு, ஆகவே பார்க்கப் போகும் நாளிலேயே ஒரு பென்சிலும் தாளும் எடுத்துப் போய் முயன்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கார் பதிவான மாநிலத்துக்குள்ளேயே கைமாறினால் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வெளிமாநிலப் பதிவு என்றால் 45 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள். ஐந்து ஆண்டைக் கடந்த காருக்குக் காப்பீட்டு மதிப்பை நிறுவனத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதால், நீங்கள் கொடுத்த விலைக்கான ரசீதும் படங்களும் அப்போது உதவும். தமிழ்நாட்டில் மறுபதிவின்போது காரின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டிய வரியை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி, நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில்தான் தளர்ந்த டைமிங் செயின் சலசலக்கும், நீலப் புகை வரும். சூடேறிய பிறகு இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

காலாப்பட்டு தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்புவது நல்ல தடம். மீனவ ஊர்களின் வேகத்தடைகள் சஸ்பென்ஷனைச் சோதிக்கும், இடையிலுள்ள நேர்ப்பாதை மற்றதைச் சோதிக்கும். அறுபது, எழுபதில் தட்தட் என்று ஒரே சீராக உதைத்தால், நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிப் போயிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஒருபக்கம் இழுத்தால் காலிப்பர் இறுகியிருக்கிறது. திரும்பி வந்து நிறுத்திய உடனே கீழே அட்டை ஒன்றை விரித்து, ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தாலே எங்கே கசிகிறது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். மாலையில் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போய்க் காட்டுகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளுக்கே அனுமதி இல்லை; அதைத் தெரியாதவர் இந்த ஊரில் காரை அதிகம் ஓட்டியிருக்க மாட்டார்.

எண்ணெய் மாற்றிப் பல நாள் ஆன காராக இருந்தால், அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு எண்ணெய் ஃபில்டரைக் கழற்றி வெட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மடிப்புகளில் மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால், உள்ளே ஏதோ தேயத் தொடங்கிவிட்டது; போர்ஷே என்றால் அது மேலே சொன்ன பேரிங்காக இருக்கலாம். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. வேறு கார் பார்க்கலாம்.

விலையும் கைமாற்றமும்

முத்தியால்பேட்டைக் காருக்கு நான் எழுதிய கழிவுகளைக் கூட்டியபோது, அதே மாடலில் 52,000 கிலோமீட்டர் ஓடி, ஆண்டுதோறும் சர்வீஸ் பார்த்த, ஷெட்டை அதிகம் பார்க்காத இன்னொரு காரைவிட இது விலை கூடுதலாக வந்தது. தாளை விற்பவரிடமே காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இவ்வளவு செலவு இருக்குன்னா நான் ஏன் சார் விக்கறேன்னு இப்பத்தான் எனக்கே புரியுது” என்று சிரித்தார். இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்து டயர், பெல்ட், பிரேக் மூன்றையும் கழித்து ஒரு விலை சொன்னார். அதற்குள் நான் அந்த 52,000 கிலோமீட்டர் காருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன்.

பணத்தை வங்கி வழியே அனுப்புங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. காரைப் பெற்றுக்கொண்ட தேதி, நேரம், மீட்டர் எண் ஆகியவற்றை இருவரும் கையெழுத்திட்ட தாளில் குறித்து வையுங்கள். அந்த நேரத்துக்கு முன் விழுந்த அபராதம் அவருடையது, பின் விழுவது உங்களுடையது. இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, இரண்டாலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். தொலைந்த சாவிக்குப் புதிது செய்ய இந்தக் கார்களில் செலவும் காத்திருப்பும் அதிகம். கடைசியாக ஒன்று: சக்கரம் திருட்டுப் போகாமல் இருக்க ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட்டைத் தனி வடிவத்தில் வைத்திருப்பார்கள், அதைக் கழற்ற விரல் நீளத்தில் ஓர் அடாப்டர் வரும். டிக்கியில் உள்ள கருவிப் பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. அடுத்த வாரம் திண்டிவனம் சாலையில் பஞ்சர் கடைக்காரர் நான்கு போல்ட்டைக் கழற்றிவிட்டு ஐந்தாவதைப் பார்த்து ஸ்பேனரைக் கீழே வைத்தார். விற்றவரின் மகன் தன் மேசை டிராயரில் அதைக் கண்டுபிடித்துப் பஸ்ஸில் கொடுத்தனுப்பும்வரை மூன்று மணி நேரம் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.